மலிவான தாய்ப்பலகையும் மிகைத்துடிப்பும்

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வன்னிப் பெருநிலத்து வீதிகளிலே மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நேயர்களிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த காலம் அது. எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோலைச் செலவிட்டு, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்துச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அக்காலத்தில் உண்டு. இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போரிலும் அவ்வாறு மிதித்த கால்கள் சில இருக்கக்கூடும். ஒரு பொறியிடம் அதனைச் செய்தவன் எழுதிவைத்த எல்லைக்கு அப்பாலும் வேலை வாங்குவது எவ்வாறு என்பது இந்நிலத்து மக்களுக்குப் புதிய பாடமன்று. அதற்குப் பொறி எவ்விலை கேட்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஆயினும் புகைந்தது, கரி பிடித்தது, விரைவில் தேய்ந்தது.

அன்று அவ்வாறு ஓட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கணினியிடம் அதே வித்தையைச் செய்து பார்க்க விரும்புகின்றனர். மலிவான முறைவழியாக்கி ஒன்றை வாங்கி, அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைவிட மிகுந்த வேகத்தில் அதனை ஓடச் செய்தல் அவ்வித்தை. கடைக்காரர் இதனை ஓவர்குளொக்கிங் என்பர். நாம் மிகைத்துடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013ஆம் ஆண்டிலும், வவுனியாப் பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. ஆகவே படம் வரையவும், நிரல் எழுதவும், காணொளி தொகுக்கவும் வேகமான கணினி வேண்டுமெனக் கேட்கும் பிள்ளைகள் இப்பகுதி வீடுகளில் இன்று பலர். விளையாட்டுக்கும் அக்கணினியே வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சொல்வதில்லை. பெற்றோர் அறியாமலும் இல்லை.

இவ்வீடுகளிலே கணினி என்பது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் பொருள். 2022ஆம் ஆண்டில் ரூபா வீழ்ந்தபோது, மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாவாயிருந்த 100 டொலர்ப் பொருள், சில வாரங்களுள் 30,000 ரூபாவையும் தாண்டிச் சென்றதை எவரும் மறந்திலர். அவ்வாறு வாங்குமிடத்து எல்லாருடைய கண்ணும் முறைவழியாக்கியின் பெயரிலேயே நிற்கும். தாய்ப்பலகையைப் பற்றிக் கேட்பார் அரியர். மிகைத்துடிப்பு ஆகுமா ஆகாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ அந்தப் பலகைதான்.

முறைவழியாக்கி ஒரு துடிப்புக்கு ஏற்பவே வேலை செய்கின்றது. பலகையிலிருந்து வரும் அடிப்படைத் துடிப்பு இக்காலத்தில் பெரும்பாலும் செக்கனுக்கு 100 மில்லியன், அதாவது 100 மெகாஹேட்சு. முறைவழியாக்கி அதனை ஓர் எண்ணாற் பெருக்கிக்கொள்ளும். பெருக்கும் எண் 36 எனின் வேகம் 3,600 மெகாஹேட்சு ஆகும். அந்த எண்ணையோ அடிப்படைத் துடிப்பையோ உயர்த்துவதே மிகைத்துடிப்பு. சொல்லுமளவில் இவ்வளவுதான்.

மலிவான சில்லு ஒன்றினால் அவ்வாறு விரைந்தோட எங்ஙனம் முடிகின்றது என்று கேட்கலாம். ஒரே தொழிற்சாலையில், ஒரே வார்ப்பில் உருவாகும் சில்லுகள் சோதனையின்பின் வெவ்வேறு விலைச்சீட்டுப் பெறுகின்றன. மலிவுச் சீட்டுக்குக் கேள்வி மிகும்போது, கூடிய வேகத்துக்குத் தகுதியுள்ள சில்லுக்கும் மலிவுச் சீட்டே ஒட்டப்படும். ஒரே வயலில் விளைந்த நெல் சந்தையின் தேவைக்கேற்ப இரு விலைக்குப் போவதுபோன்ற செய்தி இது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் கொம்பனி வெளியிட்ட செலரோன் 300ஏ என்னும் சில்லு இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. அதன் பெருக்கும் எண் நாலரை, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேட்சு, வேகம் 300. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியபோது அச்சில்லுகளிற் பெரும்பாலானவை 450 மெகாஹேட்சில் நின்று நிலைத்தன. அதே வேகத்துக்குச் சீட்டுப் பெற்ற பென்டியம் 2 சில்லின் விலையோ பல மடங்கு மிகுந்தது.

ஆனால் அந்தச் செலரோனை எந்தப் பலகையிலும் செருகி இப்பயனைப் பெற முடியவில்லை. 100 மெகாஹேட்சை அளிக்கவல்ல பலகை வேண்டியிருந்தது. தாய்வான் நாட்டு அபிட் கொம்பனியின் பி.எச். 6 என்னும் பலகை அதனைச் செய்தது. பலகையைத் திறந்து சிறு செருகிகளை மாற்றி வைக்கும் தொல்லையுமின்றி, திரையைப் பார்த்தபடியே துடிப்பை மாற்ற அது இடமளித்தது. சில்லைப் பாடியவர் அதே மூச்சில் பலகையையும் பாடியது இதனாலேதான்.

இத்தகைய இலாபத்தை உற்பத்தியாளர் நெடுங்காலம் பொறுத்திருப்பரா? படிப்படியாகக் கதவு பூட்டப்பட்டது. இன்று இன்டெல் சில்லுகளிலே பெயரின் இறுதியிற் ‘கே’ என்னும் எழுத்துள்ளவை மாத்திரமே பெருக்கும் எண் திறக்கப்பட்டவை. அவற்றையும் ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் விலையுயர்ந்த பலகைகளிலேயே அவ்வாறு உயர்த்தலாம். பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்தவர்களும் இல்லாமற் போகவில்லை. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அஸ்ரொக் முதலிய பலகைக் கொம்பனிகள், பூட்டிய சில்லுகளின் அடிப்படைத் துடிப்பை உயர்த்தும் பயோஸ் மென்பொருளை வெளியிட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவ்வசதி திரும்பப் பெறப்பட்டது. 2022ஆம் ஆண்டிலும் பி 660 வகைப் பலகைகள் சிலவற்றில் இவ்வழி மீண்டும் திறந்தது. மலிவான சில்லின் பொருட்டுத் திறந்த வழி எனினும், அப்பலகைகளிற் பெயர்பெற்றவை அச்சில்லைவிட விலை கூடியனவாய் இருந்தன! குதிரையினும் சேணம் விலைபோயிற்று.

ஏ.எம்.டி. கொம்பனியின் போக்கு வேறு. அதன் ரைசன் சில்லுகளிற் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆகவே அங்கே தீர்ப்புச் சொல்வது பலகையே. பி 350, பி 450, பி 550, பி 650 என ‘பி’ எழுத்தில் வருபவை மிகைத்துடிப்புக்கு இடந்தரும். ஏ 320, ஏ 520, ஏ 620 என ‘ஏ’ எழுத்தில் வருபவை முறைவழியாக்கியின் துடிப்பை உயர்த்த இடந்தரா. அண்மையில் வந்த பி 840, ‘பி’ எழுத்தைத் தாங்கியும் இவ்விடயத்தில் ‘ஏ’ வகையைப் போன்றதே. ஆதலால் எழுத்தை மட்டும் நம்பாது எண்ணையும் பார்த்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டில் 55 டொலருக்கு வந்த அத்லோன் 200 ஜி.ஈ. என்னும் எளிய சில்லு, பூட்டப்பட்டது என்றே அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எம்.எஸ்.ஐ. கொம்பனியின் பலகைகளுக்கு வெளிவந்த ஒரு பயோஸ் பதிப்பில், பூட்டு இல்லாததுபோல் அது 3.2 இலிருந்து ஏறத்தாழ 3.9 கிகாஹேட்சு வரை உயர்ந்தது. சில்லு மாறவில்லை, பலகையின் மென்பொருள் ஒன்றே மாறிற்று. கடைக்குச் செல்லும் மாணவன் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தப் பலகை அனுமதிக்குமா?” என்பதே. ‘கேமிங்’ என்னும் சொல் பெட்டியில் எத்துணைப் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பினும் அஃது அனுமதிச் சீட்டாகாது.

அனுமதி உண்டெனின் அடுத்ததாக வலிமையைப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. குளத்தில் நீர் நிறைய இருக்கலாம்; துருசையும் முழுதாகத் திறக்கலாம். வாய்க்கால் தாங்காதெனின் கரை உடைந்து, பயிருக்குப் போகவேண்டிய நீர் பாதையிற் போகும். கணினியின் மின்வழங்கி 12 வோல்ற்றில் மின்னை அனுப்புகின்றது. முறைவழியாக்கி உண்பதோ ஏறக்குறைய 1.2 வோல்ற்று. இடையே நின்று குறைத்துக் கொடுப்பது, தாய்ப்பலகையிலே சில்லின் இருக்கையைச் சுற்றி அமைந்துள்ள வோல்ற்றளவுச் சீராக்கி. 65 உவாற்று உண்ணும் சில்லுக்கு 1.2 வோல்ற்றில் 54 அம்பியர் மின்னோட்டம் செல்லல் வேண்டும். வீட்டுக்கு வரும் மின்னிணைப்பு முழுவதும் 30 அம்பியர் அளவிலே அமைந்திருக்க, விரல்நகம் போன்ற சில துண்டுகள் வழியே அதனினும் மிகுந்த மின்னோட்டம் ஓடுகின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிகைத்துடிப்பு இச்சுமையை எவ்வளவு கூட்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. சில்லின் வலுச் செலவு துடிப்புக்கு நேர்விகிதமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் கூடும். 3.5 கிகாஹேட்சை 4 ஆக்குவதற்கு வோல்ற்றளவை 1.2 இலிருந்து 1.35 ஆக உயர்த்த நேர்ந்தது என்று கொள்வோம். வேகம் நூற்றுக்குப் பதினான்கு கூடிற்று. வலுச் செலவோ நூற்றுக்கு நாற்பத்தைந்து கூடிற்று. அதற்கேற்ப வெப்பமும் கூடும்.

விலை மலிந்த பலகைகளிலே பெரும்பாலும் இச்சீராக்கியிலேதான் சிக்கனம் பிடிக்கப்படுகின்றது. மின்னைப் பகிர்ந்து சுமக்கும் கிளைகள் குறைவாயிருக்கும். அவற்றின் மேல் வெப்பத்தை வாங்கும் அலுமினியக் கட்டி இராது. அல்லது அலங்காரத் தகடாய் இருக்கும். கிளைகளின் எண்ணிக்கையைப் பெட்டியிற் படித்து மகிழ்தல் போதாது. ஒரே கிளையில் இரண்டு சுருள்களைப் பொருத்தி இரண்டு கிளை எனக் கணக்குக் காட்டுவாரும் உளர். கனமான, வரிவரியாய் வெட்டிய அலுமினியக் கட்டி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கின்றதா என்பதைக் கண்ணாலும் கையாலும் பார்ப்பது நம்பத்தக்க சோதனை. நிறநிறமாய் ஒளிரும் விளக்குகளுக்குக் கொடுக்கும் பணம் இக்கட்டிக்குப் போயிருக்கலாகாதா என்று தோன்றும். உற்பத்தியாளர்க்கு அவ்வாறு தோன்றுவதில்லை.

வன்னியின் வெயில் இங்கே தனிக்கணக்குக் கேட்கின்றது. வெளிநாட்டு ஆய்வாளர் தாய்ப்பலகைகளைப் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை அண்டிய அறைகளில் வைத்துச் சோதிக்கின்றனர். காண்டாவன நாட்களில் தகரக் கூரையின் கீழுள்ள ஓர் அறை 35 பாகையைத் தாண்டும். அறையின் வெப்பம் எவ்வளவு கூடுமோ ஏறக்குறைய அவ்வளவு சீராக்கியின் வெப்பமும் கூடும். அங்கே 90 பாகையில் நின்றது இங்கே 105 ஆகும். அந்நிலையிற் பல பலகைகள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சில்லின் வேகத்தைத் தாமே குறைத்துவிடும். மிகைத்துடிப்புச் செய்த கணினி, செய்யாத கணினியிலும் மெதுவாக ஓடும் விந்தையை அப்போது காணலாம். பலகையிலுள்ள மின்பகுபொருட் கொள்ளளவிகளுக்கு ஒரு பொதுவிதி உண்டு: வெப்பம் 10 பாகை கூடும்போது ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சோளகக் காற்று அள்ளிவரும் புழுதி மின்விசிறியிலும் அலுமினிய வரிகளிலும் படிந்துவிட்டால் ஆயுள் இன்னும் சுருங்கும். பழுதான பலகையைக் கொழும்புக்குக் கொண்டுசென்று உத்தரவாதம் கேட்பதற்குக் கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். ஆதலால், குளிர்நாட்டார் போதும் என்று சொல்லும் சீராக்கியை வன்னியார் போதாது என்று கொள்வதே தக்கது.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிகப் பலர் இடறுவது இங்கேதான். 2017ஆம் ஆண்டு சனவரியில் இன்டெல் கொம்பனி ஐ 3-7350 கே என்னும் சில்லை 168 டொலர் விலையில் வெளியிட்டது. எளிய வரிசையில் பூட்டுத் திறந்து வந்த சில்லென்று பலர் வரவேற்றனர். அதற்கு இரண்டு கருக்கள். அதனை விரைந்தோடச் செய்ய ‘இசட்’ பலகையும் தனியாக ஒரு குளிராக்கியும் வாங்குதல் வேண்டும். அதே வேளையில் நான்கு கருக்கள் கொண்ட ஐ 5-7400 சில்லு 182 டொலருக்குக் கிடைத்தது. மிக மலிவான பலகையிலும், பெட்டியோடு வந்த மின்விசிறியோடும் அது ஓடிற்று. இரண்டு கருக்களை எவ்வளவு துரத்தினாலும், காணொளி தொகுத்தல் போன்ற வேலையில் நான்கு கருக்களின் அருகே அவை நிற்பது அரிது. பலகைக்கும் குளிராக்கிக்கும் மேலதிகமாகக் கொடுக்கும் தொகையைத் தாளில் எழுதி, அத்தொகைக்கு ஒரு படி உயர்ந்த முறைவழியாக்கி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கிடைக்குமெனின் மிகைத்துடிப்பை மறந்துவிடலாம். இக்காலச் சில்லுகள் தம் வெப்பத்தையும் வலுவையும் பார்த்துத் தாமே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. செலரோன் காலத்தைப்போல் அவற்றில் ஒளித்து வைத்த மிச்சம் அதிகமில்லை. 2019ஆம் ஆண்டில் வந்த ரைசன் 3-3200 ஜி. சில்லின் அடிப்படை வேகம் 3.6 கிகாஹேட்சு, தானே 4.0 வரை செல்லும். கையால் உயர்த்துவார் பெறுவது அதற்குமேற் சிறிதளவே.

ஆயினும் இத்தகைய சில்லிலே பயன் மிகுந்த ஓரிடம் உண்டு. அதனைக் கவனிப்பார் குறைவு. தனியான வரைபட அட்டை வாங்க வசதியற்றோர், படங்காட்டும் பகுதியையும் உள்ளடக்கிய 3200 ஜி. போன்ற சில்லுகளையே வாங்குவர். அப்பகுதி தனக்கென நினைவகம் இன்றித் தாய்ப்பலகையிலுள்ள பொது நினைவகத்தையே பயன்படுத்தும். 3200 வகை நினைவகக் கீற்று ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்று கொண்டுவரும்; இரண்டு கீற்றுகள் இரு வாய்க்கால்களாக இயங்கினால் 51.2. படங்காட்டும் பகுதியின் தாகத்துக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. 8 கிகாபைற்றுக் கீற்று ஒன்றை வாங்குவதிலும் 4 கிகாபைற்றுக் கீற்று இரண்டை வாங்குதல் இங்கே கூடிய பயன் தரும். பின்னர் நினைவகத்தைக் கூட்டும் எண்ணமுள்ளோர் நான்கு இருக்கைகளுள்ள பலகையைத் தேட வேண்டும். நினைவகத்தின் துடிப்பை உயர்த்துவதால் முறைவழியாக்கியின் சீராக்கிக்கு ஏறும் சுமையும் சொற்பம். வெயில் மிகுந்த நாட்டில் முதற்கண் முயலத் தக்கது இதுவே.

கொழும்பு பம்பலப்பிட்டியிலோ வவுனியாவிலோ பழைய பலகை வாங்குவோர்க்குச் சில சொற்கள். கொள்ளளவிகளின் தலை தட்டையாயிருத்தல் வேண்டும்; உப்பியிருந்தால் விலை எத்துணை மலிவாயினும் விட்டுவிடலாம். இக்கால இன்டெல் பலகைகளில் நுண்ணிய ஊசிகள் பலகையின் இருக்கையிலேயே உள்ளன. விளக்கொளியிற் சரித்துப் பார்த்து, ஒன்றேனும் வளைந்திருக்கின்றதா என்று நோக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 வகையில் ஊசிகள் சில்லிலே உள்ளன. பழைய பி 450 பலகையில் புதிய சில்லைச் செருகினால், பயோஸ் பழையதாயின் திரை இருண்டே இருக்கும். பயோசைப் புதுப்பிக்க வேறொரு பழைய சில்லு வேண்டும். மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ அதனை யாரிடம் இரவல் கேட்பது? சில்லே இல்லாமற் பயோசைப் புதுப்பிக்கும் பொத்தான் சில பலகைகளின் பின்புறத்தில் உண்டு. இவ்வட்டாரத்தார் அத்தகைய பலகைக்குச் சிறிது கூடிய விலை கொடுப்பது வீணன்று.

வாங்கிய பின்னர்ச் செய்யும் வேலைக்குப் பொறுமை வேண்டும். துடிப்பை ஒரேயடியாக உயர்த்தாது 50, 100 மெகாஹேட்சாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கணினிக்குக் கடும் வேலை கொடுத்துப் பார்த்தல் முறை. நிலைகுலைந்தால் வோல்ற்றளவைச் சிறிதே கூட்டலாம். வெப்பம் தாண்டினால் ஒரு படி இறங்கலாம். இளைஞர் இச்சோதனையைப் பெரும்பாலும் இரவிலே, வீடு உறங்கியபின், காற்றுக் குளிர்ந்திருக்கும் வேளையில் செய்கின்றனர். அப்போது நிலைத்த வேகம், சித்திரை மாதத்துப் பிற்பகலில், தம்பியோ தங்கையோ பாடக் கட்டுரையைத் தட்டெழுதிக் கொண்டிருக்கும்போது நிலைகுலையும். ஆகவே கடைசிச் சோதனையைப் பகல் இரண்டு மணிக்கு, சன்னல்கள் வழமைபோல் இருக்க, பெட்டியை மூடியபடியே ஒரு மணி நேரமாவது நடத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் குழம்பித் திரை இருண்டுவிட்டால், மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, பலகையிலுள்ள காசு போன்ற மின்கலத்தைச் சில நிமிடம் எடுத்து வைத்தால், பெரும்பாலான பலகைகள் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். அம்மின்கலம் எங்கே இருக்கின்றது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவைத்தல் நலம்.